நிரந்தரமாக இருப்பவர்கள்

ஹாதிக் பிறந்தது கல்முனைக்குடியில், இருப்பது சாய்ந்தமருதில். இவ்வளவு சொன்னால் அந்தக் கரையில் எவருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது: ஆள் சாய்ந்தமருதில் பெண் எடுத்திருக்கிறான். அங்கெல்லாம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் நாலு சட்டையையும் சாரனையும் பையில் போட்டுக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். பெற்ற உம்மாவைப் பார்க்க வந்தால் தங்கச்சி கதிரையைத் துடைத்துப் போட்டு, விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த கோப்பையில் தேத்தண்ணி தருவாள். அந்தக் கோப்பையை முதன்முதலாகக் கண்டபோது ஹாதிக்குக்கு மனம் நொந்ததுதான். பிறகு பழகிப்போனது. தன் ஊர் வழக்கத்தை உலக வழக்கமென்று எண்ணிக்கொள்ள ஒருவன் பெரிய மடையனாக இருக்கவேண்டிய அவசியமில்லை. நல்ல மனிதனாக, கொஞ்சம் அவசரக்காரனாக இருந்தாலே போதும். ஹாதிக் இரண்டுமாக இருந்தான்.

அவன் கிராம உத்தியோகத்தன். சனங்களின் வாயில் ஜீ.எஸ். அவனுக்குக் கிடைத்த பிரிவில், ஆலையடிவேம்பைத் தாண்டி சாகாமக் குளத்தின் பக்கமாகப் போனால் விளாவடிக் கொலனி வரும். கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து துணிமூட்டையோடு இறங்கி வந்த சனமும், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே குடியிருக்கிறார்கள். வந்தவர்கள் காடு வெட்டினார்கள். சம்மாந்துறைக்காரரின் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். யுத்தத்தில் மறுபடி ஓடினார்கள், மறுபடி வந்தார்கள். இத்தனை ஓட்டத்தில், தாங்கள் எந்த நாட்டுக்காரர் என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அடையாள அட்டை கேட்டால் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள், பிறப்புப் பத்திரம் கேட்டால் அடையாள அட்டை கேட்பார்கள். இப்படியே ஒரு தலைமுறை கிழடாகிப்போனது.

கடைசியில் அரசாங்கத்துக்கு இரக்கம் வந்தது. விடுபட்டுப்போன இந்தச் சனத்துக்குப் பிரஜாவுரிமை கொடுக்க ஒரு திட்டம். ஆனால் அரசாங்கத்தின் இரக்கத்துக்கு எப்போதும் ஒரு வேலி இருக்கும் அல்லவா? கொலனியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். வேறு எங்காவது இருப்பவர்களின் முறை எப்போது வருமென்று ஒருவருக்கும் தெரியாது. யார் நிரந்தரமாக இருக்கிறார், யார் இல்லை என்று வீடு வீடாகப் போய் விசாரித்துக் கையெழுத்து வைக்கவேண்டியது ஹாதிக்.

அது நோன்பு மாதம். வேளாண்மை வெட்டும் அதே நேரத்தில் வந்திருந்தது. கொலனியில் ஆண்கள் எல்லாரும் வயலில். வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் கோழிகளும்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. வறண்ட நாக்கோடு ஒவ்வொரு படலையாகத் திறந்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஹாதிக் களைத்துப்போனான். நோன்பு திறக்கச் சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேரவேண்டும். கடைசிச் சில வீடுகளில் மோட்டார் சைக்கிளை விட்டு அவன் இறங்கவே இல்லை.

செங்கமலத்தின் வீடு அப்படிக் கடைசியில் வந்த ஒன்று. செங்கமலம் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். புருசன் யுத்தத்தில் காணாமல்போனவன். வாசலுக்கு ஓடிவந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள்.

"வாங்க ஐயா. நோம்புதானுங்களே, தண்ணிகூட ஒங்களுக்குக் குடுக்க முடியாதே."

"பரவால்ல அம்மா. ஊட்டில ஆர் ஆர் இரிக்கிற?"

உள்ளே ஓர் இளம்பெண் பிள்ளையை மடியில் வைத்தபடி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மகளா என்று கேட்டான். மகள்தான், ஜெயக்கொடி என்றாள் செங்கமலம். எழுதிக்கொண்டான்.

"ஆம்புளப் புள்ள?"

"ஒருத்தனுங்க. பவிதரன். வயலுக்குப் போயிருக்கான்."

"கலியாணம் முடிச்சிட்டாரா?"

"ஆமாங்க, ஆலையடிவேம்புப் பொண்ணு. ஒரு பொம்பளப் புள்ள கூட—"

கலியாணம் முடித்துவிட்டான். ஆலையடிவேம்புப் பெண். அப்படியென்றால் அங்கேதான் இருப்பான், வேறெங்கே இருப்பான்? ஹாதிக்கின் கை அதைத் தானாகவே எழுதியது: விவாகமாகி வெளியேறிவிட்டார். செங்கமலத்தின் வாய் இன்னும் மூடவில்லை. அவன் வண்டியைத் திருப்பிவிட்டான்.

அந்தச் சனத்தின் வழக்கம் வேறு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்: அவர்களிடம் பெண்தான் புருசன் வீட்டுக்குப் போவாள். தெரிந்திருப்பது ஒன்று, பசித்த நேரத்தில் கை எழுதுவது இன்னொன்று.

நோன்பு முடிகிற கிழமையில், கொலனியின் பாலர் பாடசாலைக் கட்டடத்தில் பிரஜாவுரிமைப் பத்திரம் கொடுக்கும் நடமாடும் சேவை நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகவே கதைப்பார். பிரதேச செயலகத்திலிருந்து உதவிச் செயலாளர் பக்கீர் முகைதீன் வந்திருந்தார். அவருக்கு ஹாதிக்கின் மேல் ஒரு வாஞ்சை. காலையிலேயே மேடத்திடம், "எங்கட ஹாதிக் ஒவ்வொரு ஊடா ஏறி இறங்கி விசாரிச்சவர் மேடம், ஒரு ஆள் தப்பாது" என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். ஹாதிக் தலையை ஆட்டிக்கொண்டான்.

சனங்கள் கோயில் திருவிழாவுக்கு உடுப்பதுபோல உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பெயர் கூப்பிடுவதும், மேசைக்கு மேசை போவதும், கைநாட்டு வைப்பதும், பத்திரத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தது. செங்கமலம் வாங்கினாள். ஜெயக்கொடியைக் கூப்பிட்டார்கள். அவள் தன்னைத்தானா என்பதுபோலத் திகைத்து நிற்க, செங்கமலம் முதுகில் கைவைத்து முன்னே தள்ளிவிட்டதை ஹாதிக் பார்த்தான். அவ்வளவு சந்தோசம் போலும் என்று நினைத்தான்.

பவிதரனைக் கூப்பிடவில்லை.

அவன் மனைவி கேதீஸ்வரியோடும் மகள் கிருஷிகாவோடும் முன் வாங்கில் உட்கார்ந்திருந்தான். கேதீஸ்வரி பிரஜை. அவளுக்கு எல்லாப் பத்திரமும் இருந்தது. இவனிடம் ஒன்றும் இல்லாததால் விவாகப் பதிவுகாரர் எழுத மாட்டேன் என்றுவிட்டார். விவாகப் பதிவு இல்லை. ஆதலால் கிருஷிகாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. வரும் தையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். அதற்குமுன் அந்தக் கோட்டை அழித்துத் தன் பெயரைப் போடவேண்டும் என்பதுதான் பவிதரனின் ஒரே ஆசை. கொலனி முழுக்க அது தெரியும். ஹாதிக் அன்று நின்று கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

கூட்டம் வடிந்த பிறகு அவன் எழும்பி மேசைக்கு வந்தான். மேடம் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க கலியாணம் கட்டி வெளியில போயிட்டதா இருக்கே?"

"ஆர் மேடம் சொன்ன? நான் பிறந்ததில இருந்து இஞ்சதான் இருக்கன். எங்கட அம்மாட வீட்டிலதான் பொஞ்சாதி, பிள்ளையோட இருக்கன்."

மேடம் நிமிர்ந்தார். "ஜீ.எஸ்., என்ன இது?"

எல்லாரும் ஹாதிக்கைப் பார்த்தார்கள். பக்கீர் முகைதீன் பார்த்தார். அந்தக் கணத்திலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: வெயில், படலை, திருப்பிய வண்டி, முடியாமல் தொங்கிய செங்கமலத்தின் பேச்சு. 'நான்தான் பிழையாக எழுதிவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால், ஏறி இறங்கி விசாரித்ததாகக் காலையில் தலையாட்டியது என்ன ஆகும்? வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஊட்டுக்காரங்க சொன்னதத்தான் மேடம் நான் எழுதின. மகன் கலியாணம் முடிச்சிப் போயிட்டாரெண்டு தாய்தான் சொன்னாங்க."

பவிதரன் திரும்பித் தாயைப் பார்த்தான். செங்கமலம் ஹாதிக்கைப் பார்த்தாள். பிறகு, அடுத்த மேசையில் கைநாட்டு மையைத் துடைத்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன்" என்றாள்.

பவிதரனின் முகம் செத்துப்போனது. மாமியாருக்கும் மருமகளுக்கும் அடுப்படியில் அடிக்கடி முட்டிக்கொள்ளும். 'ஒன் பொண்டாட்டியக் கூட்டிட்டு எங்கயாவது போ' என்று செங்கமலம் கோபத்தில் கத்துவது கொலனிக்கே கேட்கும். இப்போது அந்தச் சொல்லெல்லாம் அவன் காதில் ஒன்றாக வந்து விழுந்திருக்கவேண்டும். "வேணுமெண்டுதானே செய்தீங்க அம்மா" என்று மட்டும் சொன்னான். கிருஷிகாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மேடம், அடுத்த முறை ஏதாவது வழி பார்க்கலாம் என்று சொல்லிப் பத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

அன்று நோன்பு திறக்கையில் ஹாதிக் பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நோன்பு வாயோடு பொய் சொல்லியிருக்கிறான், அதுவும் ஒரு தாயின் தலையில் போட்டு. மனைவி நிஹ்லா கஞ்சிக் கோப்பையை நீட்டிக்கொண்டே, "இஞ்சேருங்க, என்ன ஒரு மாதிரி இரிக்கீங்க?" என்று கேட்டாள். வெயில் என்றான். வெயில்மேல் பழி போட்டது அன்றைக்கு அவன் சொன்ன இரண்டாவது பொய்.

அவனுக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று: செங்கமலம் தானே ஒப்புக்கொண்டாளே! யாருக்குத் தெரியும், உண்மையாகவே மருமகளை விரட்டத்தான் நினைத்தாளோ என்னவோ. இப்படி நினைத்துக்கொண்டால் நித்திரை வரும். விடியற்காலம் எழும்பித் தொழுகைக்குத் தக்பீர் கட்டினால் அவள் நிலத்தைப் பார்த்த பார்வை வந்து நிற்கும்.

பெருநாளன்று உம்மாவைப் பார்க்கப் போனான். வழக்கம்போலக் கதிரை துடைக்கப்பட்டது, கோப்பை வந்தது. உம்மா பக்கத்தில் வந்து, "மனே, ஒன்னக் கண்டு எத்தின நாள்" என்று தலையைத் தடவினாள். மகனை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்த தாய் வருசக்கணக்காக இப்படித்தான் தடவிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழும்பி அவசரமாகப் புறப்பட்டுவிட்டான்.

பெருநாள் கழிந்து கொலனிக்குப் போனபோது செங்கமலத்தின் வீடு ஓசையில்லாமல் கிடந்தது. பவிதரன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆலையடிவேம்புக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். தாயோடு ஒரு வார்த்தை கதைக்காமல் போனானாம். ஹாதிக் பிழையாக எழுதியது இப்போது உண்மையாகிவிட்டது. செங்கமலம் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தொடர்ந்து கூட்டினாள். கோபித்திருந்தாலும் தாங்கியிருப்பான். அந்தக் கும்பிடு அவனைக் கொன்றது.

அப்படியும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் போயின. சிறுபோகம் விதைத்து, விளைந்து, வெட்டும் முடிந்தது.

ஒருநாள் பவிதரன் ஒபிசுக்கு வந்தான். பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுக்கும் காலம் முடியப்போகிறது, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டான். மெலிந்திருந்தான். ஹாதிக் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"சேர், உங்கள்ள ஒரு பிழையும் இல்ல. நீங்க அம்மா சொன்னத எழுதினீங்க. பெத்த தாயே இப்பிடிச் செய்தா வேற ஆர நோகிற?"

அவன் போனதும் ஹாதிக் எழும்பி நேரே பக்கீர் முகைதீனின் அறைக்குள் போனான். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னான்.

பக்கீர் முகைதீன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத இப்ப என்னத்துக்குக் கிளறுறீங்க? தாய்க்காரி ஒத்துக்கிட்ட விசயம். நீங்க எழுதித் தந்தா ஒங்கட பைல்ல ஏறும். வாற வருசம் பதவி உயர்வு இரிக்கி."

"ஏறட்டும் சேர். அல்லாஹ்ட பைல்ல ஏறிட்டு."

"டைப் பண்ணின பிழையெண்டு எழுதுவமே?"

"டைப் பண்ணினது நான் இல்லையே. அந்த டைப்பிஸ்ட் புள்ளையப் பிடிச்சி மாட்டிவிடவா?"

அவனே கைப்பட எழுதினான்: அந்த வீட்டில் நான் முறையாக விசாரிக்கவில்லை, வீட்டிலுள்ளவர்களை ஒழுங்காகக் கேட்காமல் எழுதிவிட்டேன், தாயின்மேல் பிழையில்லை. கையெழுத்து வைத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. கொழும்பிலிருந்து பதிலும் சுணங்காமல் வந்தது. அந்த வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் திரும்ப விசாரிக்க மேடம் நேரில் வருகிறார். வெற்றிதான்! பல மாதங்களுக்குப் பிறகு ஹாதிக் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் செங்கமலத்திடம் போனான். இந்த முறை வண்டியை நிறுத்தி, இறங்கி, வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பிழை தன்னுடையது என்றான். பொய்யும் தன்னுடையது என்றான். ஒபிசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்த வீட்டை முழுக்கத் திரும்ப விசாரிக்கப் போகிறார்கள், மகனுக்குக் கிடைத்துவிடும் என்றான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அல்லது ஏசுவாள். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தான்.

செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னங்க ஐயா செஞ்சி வச்சிருக்கீங்க?"

"ஏன் அம்மா?"

"எம் மவ இங்க இருக்கிறவ இல்லீங்களே! அவள மொனராகலப் பக்கம் தோட்டத்தில கட்டிக் குடுத்து வருசம் எத்தன ஆச்சி. அன்னிக்கு வெட்டுக் காலமின்னு ஒத்தாசைக்கு வந்திருந்தா. நீங்க வாசல்ல நின்னு எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க. பேரு கூப்பிட்டப்பதான் எங்களுக்கே தெரியும்."

ஹாதிக்குக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வீட்டில் மகள் இருந்தாள். மகளென்றால் வீட்டோடு இருப்பவள்தானே? மகனை வெளியே அனுப்பிய அதே கை, அதே மூச்சில் மகளை உள்ளே இருத்தியிருந்தது. ஒரே பிழைதான், இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது.

"அப்ப அண்டைக்கு நீங்க..."

"மவன் இங்கதான் இருக்கான், ஜீ.எஸ். ஐயா சரியாக் கேக்கலன்னு நான் வாயத் தெறந்தா, அந்தம்மா வூட்ட முழுசா விசாரிக்க மாட்டாங்களா? மவ கையில மை காயல. புடுங்கிக்கிட்டாங்கன்னா? தோட்டத்தில எப்ப குடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? மவன் ஆம்புள, எப்பிடியாவது பொழைச்சிக்குவான்னு நெனைச்சேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "இப்ப அவ அந்தப் பத்திரத்தக் காட்டித்தான் ஐ.டி. எடுத்து, கார்மெண்ட்ஸுக்குப் போறா. புருசங்காரன் குடிகாரன். அவ சம்பளத்திலதான் ரெண்டு புள்ளையும் திங்குது."

"இத என்கிட்ட ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"யாருகிட்டங்க? கையெழுத்து வைக்கிறவரே நீங்கதானே" என்றாள்.

ஹாதிக் அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். தன் நெஞ்சுப் பாரத்தை இறக்குவதற்காக அவன் எழுதிக் கொடுத்த காகிதம், அவள் ஒரு பிள்ளையை இழந்து காப்பாற்றிய மற்றப் பிள்ளையின் கழுத்தில் போய் விழுந்திருந்தது. நல்லது செய்கிறேன் என்று புறப்பட்டபோதும் அவன் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் தடவையும் அதைத்தான் செய்தான்.

நேரே ஆலையடிவேம்புக்குப் போனான். பவிதரன் மாமனாரின் வளவில் வேலி கட்டிக்கொண்டிருந்தான். வீட்டின் ஓரத்தில் அவர்களுக்கென்று ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது. ஹாதிக் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அக்கா ஜெயக்கொடியின் பத்திரத்துக்காகத் தாய் பழியை ஏற்றதையும் சொன்னான். பவிதரனின் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

"நான் எங்கட அம்மாவோட இவ்வளவு நாளும் கதைக்கல்ல சேர். தீபாவளிக்கும் போகல்ல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க."

"ஓம்."

"ஒபிசில வந்து உங்கள்ள பிழையில்லெண்டு நான் சொல்லக்குள்ளயும் கேட்டுட்டு இருந்தீங்க."

"ஓம் பவிதரன்."

அடித்திருந்தால் வாங்கியிருப்பான். பவிதரன் அடிக்கவில்லை. "போங்க சேர் இஞ்ச இருந்து" என்றான். பிறகு, ஹாதிக் படலையைத் தாண்டும்போது, மேடம் வருகிறது எந்த நாளென்று பின்னால் நின்று கேட்டான்.

மேடம் வந்த நாளில் செங்கமலத்தின் வீடு நிறைந்திருந்தது. ஜெயக்கொடி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு முதல்நாளே வந்து, உடுப்புகளைக் கொடியில் காயப்போட்டிருந்தாள். பவிதரன் கேதீஸ்வரியையும் கிருஷிகாவையும் ஓட்டோவில் கூட்டிவந்து, இரண்டு பாயும் ஒரு பெட்டியும் இறக்கினான். தாயும் மகனும் எதிரெதிரே நின்றார்கள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். "எந்திரிடா, சாப்பிட்டியா?" என்றாள் அவள். மருமகளும் மாமியாரும் ஓர் அடுப்பில் நின்று முட்டிக்கொள்ளாமல் சமைத்தார்கள். பிள்ளைகள் முற்றத்தில் கோழியைத் துரத்தின. நாலு வீட்டுச் சனம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாருக்கும் விசயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேடம் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். கொடியில் கிடந்த உடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. ஹாதிக்கைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க முந்தி ஒரு தரம் பிழையா எழுதினீங்க. பிறகு நீங்களே பிழையெண்டு எழுதித் தந்தீங்க. அதனால கேக்கிறேன். இந்த வீட்டில இவங்க எல்லாரும் நிரந்தரமா இருக்கிறவங்களா?"

உண்மையைச் சொன்னால் மகளும் போனாள், மகனும் போனான். இன்றைய தேதியில் இருவருமே இந்த வீட்டில் இல்லை. இது பொய் என்று தெரிந்தே சொல்லவேண்டிய பொய். நாளைக்குப் பிடிபட்டால் பதவி உயர்வு அல்ல, வேலையே போகும். ஆனாலும் இந்த முறை ஹாதிக்கின் வாய் பிசகவில்லை.

"ஓம் மேடம். எல்லாரும் இஞ்சதான். நானே ஏறிப் பார்த்தன்."

மேடம் கொடியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்து வைத்தார்.

வாகனம் போனதும் பவிதரன் மனைவியைக் கட்டிக்கொண்டு சிரித்தான். கிருஷிகாவைத் தலைக்குமேலே தூக்கினான். இனி விவாகப் பதிவு எழுதலாம்; கோடு போய்ப் பெயர் வரும். ஹாதிக்கை அவன் பார்க்கவில்லை. ஹாதிக் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பொழுது சாயத் தொடங்கியது. ஜெயக்கொடி பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமென்று கொடியிலிருந்த உடுப்பை எடுத்தாள், காலையில் வேலை. பவிதரன் பாயைச் சுருட்டினான். ஹாதிக் திடுக்கிட்டு, "நீங்களும் போறீங்களா?" என்று கேட்டுவிட்டான். கேதீஸ்வரிதான் பதில் சொன்னாள். பிள்ளைக்கு ஆலையடிவேம்புப் பள்ளிக்கூடத்தில் பேசியாயிற்று, அப்பா அறையும் கட்டிவிட்டார், பவிதரனுக்கு அங்கேயே வேலையும் கிடைத்திருக்கிறது. கிழமைக்கு ஒருக்கா வருவோம் மாமி என்று செங்கமலத்தின் கையைப் பிடித்துச் சொன்னாள். உண்மையான அன்போடுதான் சொன்னாள். "அதுக்கென்ன, போயிட்டு வாங்க" என்று செங்கமலம் பிள்ளையைக் கொஞ்சி ஓட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஓட்டோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறையும்வரை அவள் படலையில் நின்றாள். ஹாதிக் பக்கத்தில் நின்றான். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. "என்ன மன்னிச்சிக்கங்க அம்மா" என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தையே பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னாள்.

"எல்லாரும் இங்கதான்னு இன்னிக்குச் சொன்னீங்களே ஐயா, அத அன்னிக்கே சொல்லியிருந்தா எம் மவனப் பொறுத்தவரைக்கும் அது பொய்யாக்கூட இருந்திருக்காதுங்களே."